வலிக்கும் வலிக்கும் நடுவே

மகளுக்குப் பிள்ளை பிறந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. சிஸ்டர் ஒரு துண்டுக் காகிதத்தைக் கேஸ் ஷீட்டோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தார். மளிகைக்கடை பில் போல வழவழப்பான காகிதம். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் மகளின் பெயரைப் போட்டு, அவளுடைய குழந்தை என்று அச்சாகியிருந்தது. கீழே ஏழெட்டு வரி எண்கள். பி.எச். 7.21, பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்பு. கார்பன் டை ஆக்சைடு 58, மேல்நோக்கி அம்பு. ஆக்சிஜன் 17, கீழ்நோக்கி. லாக்டேட் 4.6, மேல்நோக்கி. அம்பு விழாத எண்ணே இல்லை.

சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தைத் தேடிப் பழகிய கண் எனக்கு. அம்பைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. கட்டிலில் மகள் கண்மூடிக் கிடந்தாள். அவள் நெஞ்சின் மேல் பேரன், அழுது ஓய்ந்து, சிவந்த முகமாய், இவ்வளவு நேரம் எங்கே இருந்தோம் என்று யோசிப்பவன் போல விழித்துக்கொண்டிருந்தான். சிஸ்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

“அது பெரியவங்க கணக்குக்கு மெஷின் போடுற அம்பும்மா. இப்போ பொறந்த கொழந்தைக்கு இது நல்ல நம்பர்தான்.”

நல்ல நம்பர் என்று கேட்டதும் மனசு இறங்கிவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி இறங்கவில்லை. என்னை நோயாளி என்று சொல்லக்கூடிய எண் எப்படி அவனுக்கு நல்ல எண்ணாகிறது? அவனுடைய ரத்தத்தில் ஏறிய அமிலம் எங்கிருந்து வந்தது? ஏழு மணி நேரமாக என் கண்ணெதிரே மகள் பட்ட வலிக்கும் அதற்கும் என்ன உறவு? பிரசவம் பார்த்த டாக்டரிடமும், மகப்பேறு மருத்துவராக இருக்கும் என் பள்ளித்தோழியிடமும், கிடைத்த புத்தகங்களிலும் கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் தொப்புள்கொடி. பிரசவத் துணையாக என்னை உள்ளே விட்டிருந்ததால் கிட்டத்தில் பார்க்க முடிந்தது. கட்டைவிரல் பருமனில், முறுக்கிப் பிழிந்த ஈரத்துணி போல, நீலம் பாரித்த வெண்மையில் பளபளத்தது. பிறந்த உடனே அறுக்கவில்லை. ஒரு நிமிஷத்துக்கு மேல் விட்டார்கள், அதுவரை துடித்துக்கொண்டிருந்தது. பிறகு கவ்வி போட்டு அறுத்து, மிச்சமிருந்த கொடியில் முக்கால் சாண் நீளத்தை இரண்டு முனையிலும் கவ்வித் தனியாக எடுத்து ஒரு தட்டில் வைத்தார்கள். அதிலிருந்துதான் மெல்லிய ஊசியில் ரத்தம் உறிஞ்சினார்கள். அப்படிக் கட்டிவைத்த கொடியில் ஒரு மணி நேரம்வரை எண் பெரிதாக மாறாதாம்.

கொடிக்குள் மூன்று குழாய்கள். நம் உடம்பில் நல்ல ரத்தம் தமனியிலும் கழிவு ரத்தம் சிரையிலும் ஓடுகிறது என்று பள்ளியில் படித்தோம். கொடியில் அது தலைகீழ். அகலமான ஒற்றைச் சிரை, நஞ்சு என்று நாம் சொல்லும் பிளாசென்டாவிலிருந்து நல்ல ரத்தத்தைக் கொண்டுவருகிறது. ஒல்லியான இரண்டு தமனிகள் பிள்ளை பயன்படுத்தி முடித்ததைத் திருப்பி எடுத்துப்போகின்றன. ஆகவே சிரை ரத்தத்தைப் பார்த்தால் நஞ்சு எவ்வளவு கொடுத்தது என்று தெரியும். தமனி ரத்தத்தைப் பார்த்தால் பிள்ளை அந்த நேரத்தில் எப்படி இருந்தது என்று தெரியும். என் கையில் இருந்த சீட்டு தமனியுடையது. வயிற்றில் இருந்த கடைசி நிமிஷங்களைப் பற்றி அவன் எழுதிக்கொடுத்த கடிதம் என்றே அதை நினைக்கத் தோன்றுகிறது.

நாங்கள் இருப்பது திருமுல்லைவாயில். எங்கள் ஊர்க் கோயிலின் கதையே ஒரு கொடியின் கதை. தொண்டைமான் மன்னன் பகைவரைத் துரத்தி வந்தபோது அவன் யானையின் கால் முல்லைக்கொடியில் சிக்கிக்கொண்டது. யானை மேலிருந்தபடியே வாளை வீசிக் கொடியை வெட்டினான். வெட்டிய இடத்தில் ரத்தம் பீறிட்டது. கீழே பார்த்தால் வெட்டுப்பட்ட லிங்கம். மாசிலாமணீஸ்வரருக்கு இன்றைக்கும் அந்தக் காயத்தின் மேல்தான் சந்தனக் காப்பு. அம்பாளுக்குப் பெயர் கொடியிடை நாயகி. சிறுவயதிலிருந்து எத்தனையோ முறை கேட்ட கதை. கவ்விக்கு நடுவே கத்தரி இறங்கியபோது அதுதான் நினைவுக்கு வந்தது. வெட்டினால் ரத்தம் வரும் கொடி எல்லா வீட்டிலும் இருக்கிறது.

அமிலம் என்றால் புளிப்பு. மசக்கையில் மாங்காய், வளைகாப்பில் புளிசாதம் என்று நம் வீடுகளில் கர்ப்பமே புளிப்போடுதான் தொடங்குகிறது. முடியும்போது பிள்ளையின் ரத்தமும் ஒரு பங்கு புளித்து வெளியே வருகிறது என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கணக்கைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். எலுமிச்சைச் சாறு 2, தயிர் 4.5, சுத்தமான தண்ணீர் 7, நம் ரத்தம் 7.4. எண் குறையக் குறைய அமிலம் கூடும். பேரனுடைய 7.21 தண்ணீரைவிடக்கூடக் காரப்பக்கம்தான் நிற்கிறது. நாக்கில் வைத்தால் புளிக்கப்போவதில்லை. பயப்பட வைப்பது இந்த அளவுகோலின் நெருக்கம். 0.3 இறங்கினால் அமிலம் இரட்டிப்பாகிறது. 7.4-ல் இருப்பது 7.1-க்கு வந்தால் இரண்டு மடங்கு, 6.8-க்கு வந்தால் நான்கு மடங்கு. பேரனுக்கு ஒன்றரை மடங்கு. வலியே காணாமல், நாள் குறித்து அறுவையில் எடுக்கும் பிள்ளைகளுக்குக் கொடித் தமனியின் எண் 7.3-ஐ ஒட்டி இருக்கும். வலி கண்டு, முக்கிப் பெற்ற பிள்ளைகளுக்கு 7.25-ஐ ஒட்டி. 7.2 வரைக்கும் யாரும் புருவம் உயர்த்துவதில்லை. 7.0-க்குக் கீழே போனால்தான் மருத்துவர்களின் குரல் மாறுகிறது.

அந்த 7.3-க்கும் 7.25-க்கும் இடையில் உள்ள சிறு இறக்கம்தான் பிரசவ வலி பிள்ளையின் ரத்தத்தில் போடும் கையெழுத்து.

அது எப்படி விழுகிறது என்று தோழி தன் முஷ்டியை மடக்கிக் காட்டினாள். கருப்பை தசையால் ஆன பை. தாயின் ரத்தக்குழாய்கள் அந்தத் தசைச்சுவரைத் துளைத்துக்கொண்டுதான் நஞ்சுக்குப் போகின்றன. வலி எடுக்கிறது என்றால் அந்தத் தசை இறுகுகிறது. இறுகும்போது குழாய்கள் நசுங்குகின்றன. அந்த நாற்பது, ஐம்பது நொடிகளுக்குத் தாயிடமிருந்து புது ரத்தம் நஞ்சுக்கு வருவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பிள்ளை ஏற்கெனவே அங்கே தேங்கியிருக்கும் ரத்தத்தில் இருந்து எடுத்துக்கொண்டு மூச்சடக்கிக் காத்திருக்கிறது. அதன் கரியமிலவாயு வெளியேற வழியில்லாமல் சேர்கிறது. சேர்ந்தால் ரத்தம் அமிலமாகிறது. வலி விட்டதும் தசை தளர்கிறது, குழாய் திறக்கிறது, புது ரத்தம் பாய்கிறது, கரியமிலவாயு நொடிகளில் தாய் பக்கம் கடந்துபோய்விடுகிறது. அடுத்த வலி வருவதற்குள் பிள்ளை ஏறக்குறைய பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது.

இந்த இடைவெளி போதாமல் போனால் வேறொன்று தொடங்குகிறது. ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை எரிக்க ஆரம்பிக்கிறது பிள்ளையின் உடம்பு. அதில் மிஞ்சுவது லாக்டிக் அமிலம். 1780-ல் ஸ்வீடனின் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே புளித்த பாலில் கண்டுபிடித்த அதே அமிலம். நம் தயிரில் இருப்பது. கரியமிலவாயு வேகமாக வந்து வேகமாகப் போகும் விருந்தாளி. லாக்டிக் அமிலம் மெதுவாகச் சேரும், நஞ்சைக் கடந்து மெதுவாகத்தான் போகும். முன்னதால் வந்த புளிப்பு பிறந்து அழுததும் நுரையீரல் வழியே ஓடிவிடுகிறது. பின்னது அளவுக்கு மீறிச் சேர்ந்தால் பாதிப்பு மூளைவரை போகலாம். அதனால்தான் பி.எச். எண்ணை மட்டும் பார்த்து யாரும் முடிவுக்கு வருவதில்லை. எந்த அமிலத்தால் இறங்கியது என்று பக்கத்து வரிகளையும் படிக்கிறார்கள்.

ஆக்சிஜனின் அழுத்தம் 17 என்பது என்னை அதிகம் உலுக்கிய எண். நமக்கு அது 95 அளவில் இருக்கும். 2007-ல் எவரெஸ்டில் ஏறிய மருத்துவர்கள் 8,400 மீட்டர் உயரத்தில் தங்கள் தொடையிலேயே ஊசி குத்தித் தமனி ரத்தம் எடுத்து அளந்தார்கள், சராசரி 24.6 வந்தது. பிறக்கும் பிள்ளைக்குக் கொடிச் சிரையில் வருகிற நல்ல ரத்தத்திலேயே முப்பதுக்குள்தான். கருவில் இருக்கும் பிள்ளை எவரெஸ்ட் உச்சியில் வாழ்கிறது என்று ஜோசப் பார்கிராஃப்ட் காலத்து உடலியலாளர்கள் சொல்லிவைத்தது வெறும் உவமை இல்லை. அந்த உயரத்தில் வாழ்வதற்கென்றே பிள்ளைக்குத் தனி ஹீமோகுளோபின் இருக்கிறது. தாயின் ஹீமோகுளோபினைவிட இறுக்கமாக ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும்.

நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது நஞ்சில் நடக்கும் கொடுக்கல் வாங்கலைத்தான். ரத்தத்தில் அமிலம் கூடினால் ஹீமோகுளோபின் தன் பிடியைத் தளர்த்தி ஆக்சிஜனை விட்டுவிடும். குறைந்தால் இறுகப் பற்றும். 1904-ல் கிறிஸ்டியான் போர் இதைக் கண்டு சொன்னார். நஞ்சில் இது இரண்டு முறை நடக்கிறது. பிள்ளை தன் கரியமிலவாயுவைத் தாய்க்குத் தள்ளுகிறது. அதை வாங்கிய தாயின் ரத்தம் அங்கே கொஞ்சம் அமிலமாகி, ஆக்சிஜனைக் கைவிடுகிறது. கொடுத்துவிட்ட பிள்ளையின் ரத்தம் அமிலம் குறைந்து, அதே ஆக்சிஜனை இறுகப் பற்றுகிறது. பிள்ளையின் புளிப்பைத் தாய் வாங்கிக்கொள்வதாலேயே தாயின் மூச்சு பிள்ளைக்குப் போகிறது. ஒவ்வொரு வலிக்கும் பிறகு என் மகளுக்குள் இந்த மாற்று நடந்துகொண்டிருந்தது. நான் அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

போர் வாழ்ந்தது கோபன்ஹேகன். 1909-ல் பி.எச். என்ற அளவையே வகுத்த சோரன்சனும் அதே ஊர்தான், ஒரு பீர் கம்பெனியின் ஆய்வகத்தில். 1952-ல் அங்கே போலியோ பரவி, மூச்சுத் திணறியவர்கள் வார்டுகளை நிறைத்தபோது, ரத்தத்தின் அமிலத்தைச் சட்டென்று அளந்து சொல்லும் வழியைச் செப்பனிட்ட பவுல் ஆஸ்ட்ரப்பும் அங்கேதான் இருந்தார். 1845-ல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்களே, அந்த டேனிஷ்காரர்கள். ஒரே ஊர் தலைமுறை தலைமுறையாக ரத்தத்தின் புளிப்பைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. பிரசவ அறைக்கு அதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் நியூயார்க்கில் ஸ்டான்லி ஜேம்ஸும் வர்ஜீனியா அப்காரும். 1958-ல் அவர்கள் குழு கொடி ரத்தத்தின் அமிலத்தையும் முதல் மூச்சையும் இணைத்து எழுதியது. பிறந்த பிள்ளையின் நிறம், அழுகை, துடிப்பு பார்த்துப் பத்துக்கு எத்தனை என்று மார்க் போடுவது அப்கார் பெயரால்தான் நடக்கிறது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் எத்தனையோ பிரசவ அறைகளில் கொடி ரத்தம் பார்க்க மெஷின் கிடையாது. அங்கே அழுகைதான் அளவுகோல், அப்கார் மார்க்தான் சீட்டு. இருக்கிற இடத்திலும் எல்லாப் பிள்ளைக்கும் பார்ப்பதில்லை. எங்களுக்குப் பார்த்ததற்குக் காரணம் இருந்தது.

கடைசி அரை மணியில், ஒவ்வொரு வலிக்கும் பிள்ளையின் இதயத்துடிப்பு நூற்று நாற்பதிலிருந்து தொண்ணூறுக்கு இறங்கியது. வலி விட்டதும் ஏறிக்கொண்டது. தலை வெளியே வந்தபோது காரணம் தெரிந்தது. கழுத்தில் கொடி ஒரு சுற்று. டாக்டர் விரலை விட்டு, மணமாலையைக் கழற்றுவது போலத் தலைக்கு மேலாகக் கழற்றிவிட்டார். இரண்டு நொடி வேலை.

வெளியே அது பெரிய சேதியானது. மாலை சுற்றிப் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது. சம்பந்தி அம்மாதான் முதலில் கேட்டார், “மாலை போட்டுக்கினு வந்தானா?” என் மகன் காரிடாரில் நின்றிருந்தான். அக்கா பிள்ளையைப் பார்க்க பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்தவனை உள்ளே விடவில்லை. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பக்கூடாது என்று எல்லோருக்கும் கட்டளை. பதினொன்றாம் நாள், வாயகன்ற பித்தளைக் கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, அதில் பிள்ளையின் நிழல் விழும்படி பிடித்தோம். மாமன் குனிந்து எண்ணெயில்தான் முதலில் மருமகன் முகத்தைப் பார்த்தான். எண்ணெய் லேசாக ஆடியது, முகமும் ஆடியது. அவன் அழுதுவிட்டான்.

இதைப் பழித்துப் பேச எனக்கு மனமில்லை. நான்கைந்து பிள்ளைக்கு ஒரு பிள்ளை கழுத்தில் கொடியோடுதான் பிறக்கிறது. அதில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் சிலவற்றுக்கு ஆகியிருக்கிறது. வலியின்போது கருப்பை இறுகுவதோடு கொடியும் நசுங்கினால் அடைப்பு இரண்டு பக்கமும்தான். மெஷினும் மார்க்கும் இல்லாத காலத்தில் அதைப் பார்த்த பெண்கள், பயத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தாய்மாமன் தலையில் வைத்தார்கள். பயத்துக்குக் காரணம் இருந்தது. அதற்குச் சொன்ன பெயர்தான் தவறு.

வலி பிள்ளையைப் புளிக்க வைக்கிறது என்றால், வலியே இல்லாமல் எடுத்துவிடலாமே என்று என் மருமகன் கேட்டான். அவனுடைய அலுவலக நண்பர்கள் பலர் வீட்டில் ஜோசியரிடம் நல்ல நேரம் குறித்துவாங்கித்தான் ஆபரேஷன். 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8. நாடு முழுக்கச் சேர்த்தால் 21.5. அறுவை எத்தனை உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது என்பதற்கு எங்கள் தெருவிலேயே சாட்சிகள் உண்டு. அதைக் குறை சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் பஞ்சாங்கம் பார்த்து வலிக்கு முன்பே எடுப்பது வேறு. வலிக்கும்போது பிள்ளையின் ரத்தத்தில் அட்ரினலின் வகைச் சுரப்புகள் பெருகுகின்றன. பெரியவர்களுக்கு மாரடைப்பில் வருவதைவிட அதிகம் என்று ஸ்வீடனின் லாகர்கிரான்ட்ஸ் 1980-களில் எழுதினார். அந்தச் சுரப்புதான் நுரையீரலில் நிறைந்திருக்கும் நீரை உள்ளிழுத்துக் காலி செய்யச் சொல்கிறது, காற்றுக்கு இடம் பண்ணுகிறது. வலி காணாமல் வரும் பிள்ளைகளுக்கு முதல் ஒன்றிரண்டு நாள் மூச்சு இரைப்பது அதிகமாக இருப்பதன் காரணம் இதுதான். அவர்களுடைய கொடி ரத்தம் பேரனுடையதைவிட அழகான எண்ணைக் காட்டும், ஆனால் சில பிள்ளைகள் மூச்சுக்குத் திண்டாடும். வலி தந்த கொஞ்சம் புளிப்பு, பிள்ளை வெளிக்காற்றுக்குத் தயாரானதற்கான அடையாளம். ஆகவே வலியைக் கண்டு பயப்படுவதைவிட, வலிக்கும் வலிக்கும் நடுவே ஓய்வு கிடைக்கிறதா என்று பயப்படுவதுதான் சரி என்ற முடிவுக்கு வந்தேன்.

அந்த ஓய்வு எப்படியெல்லாம் பறிபோகிறது என்று பார்த்தால் மனசு வலிக்கிறது. வலி ஊசி என்று நாம் சொல்லும் ஆக்சிடோசினை ட்ரிப்ஸில் ஏற்றுகிறார்கள். நின்றுபோன பிரசவத்தை நகர்த்த அது தேவைதான். ஆனால் ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்கு உண்டு. பத்து நிமிஷத்தில் ஐந்து வலிக்கு மேல் போனால் கருப்பை தளர நேரமில்லை. ஒவ்வொரு இடைவெளியிலும் தீராத கொஞ்சம் கடன் அடுத்ததில் ஏறிக்கொண்டே போகும். சொட்டைக் குறைத்தாலே சில நிமிஷங்களில் கருப்பை அமைதியாகும். அதற்கு வயிற்றில் கை வைத்து எண்ண ஆள் வேண்டும். ஒரு சிஸ்டருக்கு ஆறு கட்டில் என்றால் யார் எண்ணுவார்கள்? மல்லாக்கப் படுத்தால் கருப்பை பெரிய ரத்தக்குழாயின் மேல் அழுந்துகிறது. அதனால்தான் இடது பக்கம் ஒருக்களிக்கச் சொல்கிறார்கள். கருப்பை வாய் முழுக்கத் திறந்ததும் பெண்ணைச் சுற்றி நின்று “முக்கு, முக்கு, மூச்சை விடாத” என்று விடாமல் கத்துவது இன்னொன்று. அந்தக் கட்டத்தில்தான் பிள்ளையின் எண் மற்ற எல்லா நேரத்தையும்விட வேகமாக இறங்குகிறது. பல வருஷம் முன்பு என் தங்கையின் பிரசவத்தில், பெயர் சொல்ல விரும்பாத ஓரிடத்தில், வலியில்லாத நேரத்தில்கூட முக்கச் சொல்லி அவள் கன்னத்தில் தட்டினார்கள். அவள் பெண் நன்றாகத்தான் இருக்கிறாள். அந்தக் கை மட்டும் எனக்கு மறக்கவில்லை.

பட்டினி போடுவதும் அப்படித்தான். வலி கண்டவளுக்கு ஒரு வாய்த் தண்ணீர் தராத வழக்கம் பல இடங்களில் இருந்தது. என் பாட்டி காலத்தில் முதலில் கொடுப்பது சீரகக் கஷாயம். சூட்டுவலியாக இருந்தால் அடங்கிவிடும், மெய்வலியாக இருந்தால் கூடும் என்பார்கள். கஷாயத்துக்கு அந்த சக்தி உண்டோ இல்லையோ, வெதுவெதுப்பாக ஏதோ உள்ளே போனது, பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்து வலியின் போக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபத்தில்லாத பிரசவத்தில் குடிக்கவும் சாப்பிடவும் கொடுக்கலாம் என்று 2018-ல் உலக சுகாதார நிறுவனம் எழுதிவைத்தது. தாயின் உடம்பு பட்டினியில் அமிலமானால் பிள்ளையின் புளிப்பை எங்கே வாங்கிக்கொள்ளும்?

எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் பிரசவம் சிக்கலானால் பாதை ஒன்றுதான், கிழக்கே. ஆவடி, அம்பத்தூர் என்றால் சி.டி.எச். ரோடு, பூந்தமல்லி என்றால் பூந்தமல்லி நெடுஞ்சாலை. கீழ்ப்பாக்கம், இல்லாவிட்டால் எழும்பூர். 1844-ல் தொடங்கிய அந்த எழும்பூர் பிள்ளைப்பேறு மருத்துவமனையில்தான் லட்சுமணசுவாமி முதலியார் முதல் இந்தியக் கண்காணிப்பாளராக இருந்தார். 1938-ல் அவர் எழுதிய பிரசவ மருத்துவ நூலைத் தலைமுறைகளாக மாணவர்கள் படித்திருக்கிறார்கள். 2008 முதல் 108 வருகிறது. பாடி சிக்னலில் அந்த வண்டி சைரனோடு நிற்கும்போதெல்லாம் நான் முன்பு ‘ஐயோ பாவம்’ என்று நினைப்பதோடு சரி. இப்போது உள்ளே எத்தனை நிமிஷத்துக்கு ஒரு வலி என்று மனசு கேட்கிறது.

எழும்பூரிலும் நடந்த ஓர் ஆய்வைத் தமிழில் யாரும் அதிகம் பேசவில்லை என்று எனக்கு ஒரு வருத்தம். பிரசவத்தில் மூச்சு முட்டி மூளை பாதிக்கப்பட்ட பிள்ளையின் உடலை 72 மணி நேரம் 33.5 டிகிரிக்குக் குளிர்வித்து வைத்தால் பாதிப்பு குறைகிறது என்பது மேற்கு நாடுகளில் நிலைபெற்ற சிகிச்சை. அது இங்கேயும் பலிக்குமா என்று 2015 முதல் 2019 வரை இந்தியா, இலங்கை, வங்கதேசத்தின் ஏழு மருத்துவமனைகளில் 408 பிள்ளைகளிடம் பார்த்தார்கள். ஹீலிக்ஸ் என்று பெயர். சென்னை மருத்துவக் கல்லூரியின் எழும்பூர் மருத்துவமனைகள் அதில் பங்கெடுத்தன. இந்த ஆய்வில் சேர்க்கக் கொடி ரத்தத்தின் எண் கட்டாயமில்லை. ஐந்து நிமிஷமாகியும் தானாக மூச்சு விடவில்லை, மார்க் குறைவு என்பவையே அளவுகோல். 2021-ல் முடிவு வந்தது. குளிர்வித்த பிள்ளைகளில் நூற்றுக்கு 42 இறந்தன, குளிர்விக்காதவற்றில் 31. காப்பாற்ற வேண்டியது காப்பாற்றவில்லை.

ஏன் என்பதற்கு ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கங்களில் ஒன்று என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. மேற்கில் பெரும்பாலும் சட்டென்று ஒரே அடியாக மூச்சு முட்டுகிறது. உடனே வெளியே எடுத்து ஆறு மணி நேரத்துக்குள் குளிர்வித்தால் மூளையைப் பிடித்து நிறுத்தலாம். இங்கே பல பிள்ளைகளுக்குப் பாதிப்பு முன்பே தொடங்கி, பிரசவ நேரம் முழுக்க மெல்ல மெல்ல, விட்டுவிட்டு ஏறியிருக்கிறது. பிறந்தபின் குளிர்விக்கும்போது காலம் கடந்துவிட்டது. அந்த விளக்கம் சரியென்றால், அது இடைவெளிகள் போதாமல் போன கதைதான்.

பிள்ளைக்குப் பாதிப்பு எப்போது தொடங்கியது என்பது பழைய வழக்கும்கூட. 1861-ல் லண்டனில் வில்லியம் லிட்டில் என்ற டாக்டர், கை கால் இறுகிப்போன பிள்ளைகளுக்குக் காரணம் கடினமான பிரசவம் என்றார். 1897-ல் மறுத்தவர் சிக்மண்ட் பிராய்ட்; மனப் பகுப்பாய்வுக்கு முன்னால் அவர் நரம்பு மருத்துவர். பிள்ளைக்குள் ஏற்கெனவே இருந்த குறைதான் பிரசவத்தையும் கடினமாக்கியிருக்கலாம் என்றார் அவர். நூறு வருஷம் கழித்து, 1999-ல், பல நாட்டு நிபுணர்கள் கூடி, பிரசவத்தின் மேல் பழி போட வேண்டுமானால் முதலில் கொடி ரத்தத்தில் 7.0-க்குக் கீழே காட்டு, லாக்டிக் வகை அமிலத்தால் வந்த காரக் குறைவு 12-க்குக் குறையாமல் இருப்பதையும் காட்டு என்று கோடு போட்டார்கள். நீதிமன்றங்கள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டன. 7.0-க்குக் கீழே போன பிள்ளைகளிலும் பெரும்பாலானவர்கள் எந்தக் குறையும் இல்லாமல் வளர்கிறார்கள் என்பதை அவ்வளவாக யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. குறையோடு வளரும் பிள்ளையின் தாய் மட்டும், தான் ஒழுங்காக முக்கவில்லையோ என்று வருஷக்கணக்காகத் தன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். அப்படி ஒருத்தி எங்கள் தெருவில் இருக்கிறாள். அவளிடம் உட்கார்ந்து இந்தக் கணக்கையெல்லாம் பொறுமையாகச் சொல்ல ஓர் ஆள் அன்றைக்கு இருந்திருக்க வேண்டும்.

அந்தச் சீட்டை டிஸ்சார்ஜ் சம்மரியோடு கொடுத்தார்கள். பீரோவில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர், எதையும் தேதி போட்டுக் கோப்பில் வைப்பார். மெஷின் காகிதம் அழிந்துவிடும் என்று ஜெராக்ஸும் எடுத்துவைத்தார். பேரனுக்கு ஒரு வயது ஆகப்போகிறது. நான் சீட்டை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் கண் 7.21-ல் நிற்பதில்லை; அதற்கு முந்தைய ராத்திரிக்குப் போய்விடுகிறது.

மணி மூன்று இருக்கும். பத்து நிமிஷத்துக்கு மூன்று வலி. இவ்வளவு நேரமும் கட்டில் கம்பியைப் பிடித்துத் திணறிக்கொண்டிருந்தவள், வலி விட்டதும் அப்படியே தூங்கிவிடுகிறாள். வாய் லேசாகத் திறந்து, சின்ன வயதில் ஜுரம் வந்தால் தூங்குவாளே அப்படி. வெளியே சி.டி.எச். ரோட்டில் லாரி போகும் சத்தம். எனக்கு அந்தத் தூக்கம் பயமாக இருந்தது. ஃபிளாஸ்க்கைத் திறந்து டம்ளரில் சுக்குக் காபி ஊற்றி, அவளை எழுப்பத் தோளைத் தொடப் போனேன். சிஸ்டர் அவள் வயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தபடி, கண்ணைச் சுவர்க் கடிகாரத்திலிருந்து எடுக்காமல், மற்றொரு கையால் என்னைத் தடுத்தார்.

“தூங்கட்டும்மா. வயிறு நல்லா தளர்ந்திருக்கு. அடுத்தது வந்தா அதுவே எழுப்பும்.”